பணியாரத்துக்குக் காத்திருந்த பந்தி

கானாடுகாத்தான்
ஆவணி, புதன்கிழமை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் தாமதத்துக்குக் காரணம் கல்யாணம். என்னுடையது அல்ல, பயப்படாதே. பங்காளி வீட்டுப் பெண்ணுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொது வீட்டில் திருமணம். ஆண்டில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு அது. ஒட்டடை அடிக்கவே எட்டு ஆளும் நான்கு நாளும் ஆயின. வீட்டின் மூன்றாம் கட்டில் (மூன்றாவது முற்றப் பகுதியில்) பெயர்ந்துபோன தரைக்குக் கல் வாங்க ஆத்தங்குடிக்குப் போனவள், வேலையை மறந்து ஒரு மணி நேரம் பட்டறையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் மணலையும் சிமெண்டையும் கொட்டி அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊற வைக்கிறார்கள். நாளைக்கே வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் அடுத்த கல்லை ஊற்றத் தொடங்கிவிட்டார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் தளங்கள் ஓடும் சர்வரில் ‘லோடு 12 காட்டுகிறது, இரவெல்லாம் தூக்கமில்லை’ என்று எழுதியிருக்கிறாய். லோடு என்பது ஓடுகிற, காத்திருக்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை. அதே கடிதத்தின் இன்னொரு பக்கத்தில், இயந்திரத்தின் சிபியுவில் 16 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் நீயே சேர்த்துப் படித்திருந்தால் தூங்கியிருப்பாய். 16 கோருக்கு 12 வேலை என்றால் நாலு கோர் சும்மா இருக்கிறது. ஒற்றைக் கோர் உள்ள வாடகைச் சர்வரில் லோடு 5 என்றால்தான் நான் எழுந்து உட்காருவேன். அதிலும் மூன்று எண்களையும் பார்க்க வேண்டும்: கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம். முதல் எண் பெரிதாகவும் கடைசி எண் சிறிதாகவும் இருந்தால் இப்போதுதான் ஏறுகிறது. தலைகீழாக இருந்தால் நீ வந்து பார்ப்பதற்குள் திருடன் போய்விட்டான். ஆனாலும் மாலை நேரத்தில் உன் தளங்கள் இழுக்கின்றன என்று நீ எழுதியது பொய்யாகிவிடாது. அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது மணிக்கு முகூர்த்தம். திருப்பூட்டு (தாலி கட்டு) முடிந்து, இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஏட்டில் கையெழுத்துப் போடப் பெரியவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. பார்த்தால், நூற்று இருபது தளங்கள் இருக்கும் என் 8 கோர் சர்வரில் லோடு 64. பட்டுச்சேலையோடு இரண்டாம் கட்டுக்கு ஓடி, அரிசி மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. 64, 41, 19. ஏறிக்கொண்டிருக்கிறது.

பின்னால் நின்ற தம்பி மகன், “ரீபூட் செய்துவிடுங்கள் அத்தை, பந்திக்கு நேரமாகிறது” என்றான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

இங்கே என் அறிவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்பு இதே போல லோடு ஏறியபோது, வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தை யாரோ கடவுச்சொல் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நினைவிலேயே தளங்களைப் பரிமாறும் நிரலான அப்பாச்சியின் பதிவுக் கோப்பை நேராகத் திறந்தேன். நினைத்தபடியே ஏழெட்டு முகவரிகளிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் அடைத்தேன். லோடு 71 ஆனது. அந்த மாதிரித் தட்டல் எந்த நாள் எந்த நேரத்தில் பார்த்தாலும் இருக்கும். தேடிப் போனவளுக்குத் தேடியது கிடைத்தது, அவ்வளவுதான்.

பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டு, சிபியு வரியை மட்டும் பார்த்தேன். பயனர் நிரல்களுக்கு 6 சதவீதம், இயங்குதளத்தின் கருவான கர்னலுக்கு 4, ‘டபிள்யூஏ’ என்ற இடத்தில் 85. அதாவது எட்டுக் கோரும் வேலை செய்து களைத்துப் போகவில்லை, டிஸ்கிலிருந்து ஏதோ வரட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருக்கின்றன. நினைவகம் தீர்ந்து, டிஸ்கையே நினைவகமாக்கும் ஸ்வாப்பில் அடித்துக்கொள்கிறதோ என்று விஎம்ஸ்டாட் கட்டளையை ஓட விட்டேன். ஸ்வாப் உள்ளே வெளியே இரண்டும் பூஜ்யம். ஆனால் ‘ஆர்’ பத்தியில் 3, ‘பி’ பத்தியில் 60. ஓடத் தயாராக இருப்பவை மூன்று, அடைபட்டு நிற்பவை அறுபது.

அந்தச் சமயத்தில் என் அம்மான் அடுக்களை வாசலில் நின்று சத்தம் போடுவது கேட்டது. பந்தி விசாரிக்கும் பொறுப்பு அவருடையது. எட்டிப் பார்த்தேன். பட்டாலைக் கூடம் முழுக்க இலை போட்டு, எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். கவுனி அரிசி வந்துவிட்டது, இட்லி வந்துவிட்டது. வெள்ளைப் பணியாரம் மட்டும் வரவில்லை. மூன்றாம் கட்டில் இருந்தவை இரண்டே எண்ணெய்ச் சட்டிகள். பணியாரத்தை ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும், ஒவ்வொன்றாகத்தான் திருப்ப முடியும். பரிமாற இருபது பேர் வெறும் வாளியோடு சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். உட்கார்ந்தவர்கள் பணியாரம் விழாமல் எழுந்திருப்பார்களா? செட்டிநாட்டில் பிறந்தவள் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்திருக்கச் சொன்னாலும் எழமாட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நம் சர்வர்களின் இயங்குதளமான லினக்ஸ் லோடு என்று காட்டும் எண் இதுதான், மீனா. நாம் கல்லூரியில் படித்த பாடத்தில், சிபியுவில் ஓடுபவையும் அதற்காக வரிசையில் நிற்பவையும் மட்டுமே கணக்கு. லினக்ஸில் 1993இல் செய்த ஒரு மாற்றத்தால், டிஸ்க் பதிலுக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பவையும் சேர்ந்துகொண்டன. ஓடுபவற்றைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் ‘டி’ என்ற எழுத்தோடு வருமே, அவை. கொல் என்று ஒன்பதாம் எண் சமிக்ஞை அனுப்பினாலும் அவை சாகாது. இலையில் பணியாரம் விழுந்த பிறகுதான் காதில் வாங்கும். ஆகவே லோடு 64 என்று கேட்டதும் ‘சிபியு போதவில்லை’ என்று சொல்லுபவர், பட்டாலைக் கூட்டத்தைப் பார்த்துப் பரிமாற இன்னும் பத்து ஆள் வைக்கச் சொல்லுபவர். வெறும் வாளியோடு நிற்பவர் இருபதுக்குப் பதிலாக முப்பது பேர் ஆவார்கள்.

‘டி’ நிலையில் இருப்பவற்றை மட்டும் பிரித்தெடுத்தேன். பிஎச்பி, பிஎச்பி, மைஎஸ்கியூஎல், மறுபடி பிஎச்பி, நடுவில் ஒரே ஒரு டார். பக்கங்களைத் தயாரிக்கும் பிஎச்பிகளும் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லும் பந்தியில் உட்கார்ந்தவர்கள். டார் யார்? டிஸ்கை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று காட்டும் ஐஓடாப்பில் பார்த்தால் அடுப்படியில் நின்று சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றுகொண்டிருப்பவன் அவன்தான். ஐஓஸ்டாட்டில் டிஸ்க் 100 சதவீதம் மும்முரம். ஒரு கோரிக்கைக்குச் சராசரிக் காத்திருப்பு 400 மில்லிநொடி. சுழலும் டிஸ்கில் பத்து, பதினைந்து இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். (எஸ்எஸ்டியில் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். தளக் கோப்புகளுக்கு ஏன் இன்னும் சுழலும் டிஸ்க் என்று கேட்காதே. வாடிக்கையாளர்கள் கொடுக்கும் மாதப் பணத்துக்கு அதுதான்.)

டார் என்பது கோப்புகளை ஒன்றாகக் கட்டும் நிரல்; என் சர்வரில் டார் என்றால் காப்புப் பிரதி. வாரம் ஒருமுறை, ஞாயிறு அதிகாலை 3:30க்கு ஓட வேண்டிய முழுக் காப்பு. இப்போது காலை 9:20. ஏன் ஓடுகிறது? டேட் என்று தட்டினேன். சர்வர் 3:50 என்றது.

தலையில் அடித்துக்கொண்டேன். வியாழக்கிழமைதான் தளங்களைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றியிருந்தேன். பழையதில் கடிகாரம் இந்திய நேரம், புதியதில் யூடிசி, அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரானின் வரிகளை அப்படியே நகலெடுத்துப் போட்டவள் நான். அவர்களுடைய 3:30 நமக்குக் காலை 9 மணி. முகூர்த்த நேரம் பார்த்துத் தொடங்கியிருக்கிறது.

அந்த டார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்றும் பார்த்தேன். காரைக்குடிப் பக்கத்தில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு கடையின் தளம். அதில் தற்காலிகக் கோப்புகள் போடும் ஓர் அடைவில் 11 லட்சம் சின்னச் சின்னக் கோப்புகள். ஒவ்வொன்றும் நாலு கிலோபைட் கூட இல்லை. அளவைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், எண்ணிக்கைதான் வினை. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பதைத் தேடி எடுக்க வேண்டுமானால் நொடிக்கு நூறு முறை போல்தான் படிக்கும். 11 லட்சத்தை நூறால் வகுத்துப் பார்: மூன்று மணி நேரம். பழைய இயந்திரத்தில் இது அதிகாலையில் நடந்து, ஊர் எழுவதற்குள் முடிந்திருக்கிறது. எத்தனை மாதமாக இப்படி ஓடியதோ, யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

டாரைக் கொல்லவில்லை. நிறுத்திவை என்று ஒரு சமிக்ஞை இருக்கிறதே, ‘ஸ்டாப்’, அதை அனுப்பினேன். ‘கன்ட்’ அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த ஒன்றை நீ கட்டாயம் கைவசம் வைத்துக்கொள். யார்மேல் சந்தேகமோ அவரை நிறுத்திப் பார்க்கலாம். தவறென்றால் ஓட விட்டுவிடலாம். ஐஓநைஸ் வைத்து முன்னுரிமையைக் குறைக்கலாம் என்று உனக்குத் தோன்றும். அது டிஸ்க் வரிசையை நடத்தும் நிரல் எந்த வகை என்பதைப் பொறுத்தது. சில வகைகள் அந்தக் கோரிக்கையைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. என்னுடையதும் அப்படித்தான்.

நிறுத்தியவுடன் டபிள்யூஏ 85இலிருந்து 5க்கு இறங்கியது. லோடு எண் மட்டும் உடனே இறங்கவில்லை. தம்பி மகன், “இன்னும் 60 காட்டுகிறதே அத்தை” என்று ஆரம்பித்தான். அது சராசரி அல்லவா. ஒரு நிமிட எண்ணில் பழைய பாக்கி ஒரு நிமிடம் கழித்தும் சுமார் 37 சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்தில் 27, அடுத்த நிமிடத்தில் 12, அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மூன்றாம் கட்டிலும் யாரோ புத்திசாலித்தனமாக இன்னொரு சட்டியை ஏற்றியிருந்தார்கள். பணியாரம் வந்துவிட்டது.

அவனுக்கு அன்று மாலை பதில் சொன்னேன். ரீபூட் செய்திருந்தால் நிச்சயமாகச் சரியாகியிருக்கும். டார் செத்திருக்கும், கிரான் அதை மறுபடி தொடங்கியிருக்காது, லோடு 2 காட்டியிருக்கும், நானும் பெருமையோடு பந்தியில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த ஞாயிறு காலை 9 மணிக்கு மறுபடி 64. அதற்கடுத்த ஞாயிறும். ‘இந்தச் சர்வருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகாது’ என்று ஒரு சாஸ்திரமே எழுதியிருப்போம். அவன் சிரித்தான். புரிந்து சிரித்தானா, மரியாதைக்குச் சிரித்தானா தெரியவில்லை.

கிரானை மாற்றும்போதும் ஒரு கண்ணி இருந்தது. ஞாயிறு அதிகாலை 3:30 என்பது யூடிசியில் சனிக்கிழமை இரவு 22:00. மணியை மட்டும் மாற்றிக் கிழமையை விட்டிருந்தால் காப்பு திங்கட்கிழமை அதிகாலைக்குப் போயிருக்கும். தற்காலிகக் கோப்பு அடைவையும் காப்பிலிருந்து விலக்கிவிட்டேன். பழையதைத் தினமும் துடைக்க ஒரு வரி போட்டேன். சேலைக்கடைக்காரர் அன்று காலை ஏழு முறை அழைத்திருந்தார். அந்தக் குப்பை அவருடைய தளத்துடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. நேரத்தைத் தப்பாகப் போட்டது நான் என்பதால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

இனி உன் இயந்திரம். நீ எழுதிய எண்கள் என் கதைக்கு நேர் எதிர்: பயனர் 70க்கு மேல், டபிள்யூஏ 1, டாப் பட்டியலின் உச்சியில் மைஎஸ்கியூஎல் 1100 சதவீதம். அந்த 1100ஐப் பார்த்துத்தான் நீ மிரண்டிருப்பாய். ஒரு கோருக்கு நூறு என்று கணக்கு. 11 கோரைத் தின்கிறது, அவ்வளவுதான். உனக்குப் பணியாரச் சட்டி நன்றாக இருக்கிறது. சமையல்காரர் மொத்த மூட்டை அரிசியையும் கொட்டி ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார். மெதுவான தரவுத்தளக் கேள்விகளைக் குறித்துவைக்கும் தாமத வினவல் பதிவை இயக்கு. அதன் இயல்பான வரம்பு 10 நொடி. அப்படியே விட்டால் ஒன்றும் சிக்காது, ஏனென்றால் உன்னை வாட்டுவது மூன்று நொடி வினவல் நிமிடத்துக்கு இருநூறு முறை வருவதாக இருக்கலாம். 1 நொடி என்று வை. ஒரு மாலைப் பொழுது ஓடட்டும். அதிகம் சிக்குவதை எடுத்து, அது எப்படித் தேடுகிறது என்று காட்டும் ‘எக்ஸ்பிளெயின்’ போட்டுப் பார். இருபது பொருளைக் காட்ட நாலு லட்சம் வரிசைகளைப் படிக்கிறது என்று வந்தால், தேடும் பத்திக்கு இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) இல்லை என்று பொருள். என் சந்தேகமெல்லாம் விலை, நிறம், ரகம் என்று வடிகட்டும் அந்தப் பக்கத்தின் மேல்தான்.

உன் முதலாளி 32 கோர் இயந்திரம் வாங்கலாம் என்கிறாராம். வேண்டாம் என்று சொல். மைஎஸ்கியூஎல்லில் ஒரு வினவல் பெரும்பாலும் ஒரு கோரில்தான் ஓடும். மூன்று நொடி எடுப்பது 32 கோரிலும் மூன்று நொடிதான் எடுக்கும். ஒரே நேரத்தில் இன்னும் நிறையப் பேர் மூன்று நொடி காத்திருக்க வசதி கிடைக்கும். அந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது கேட்டு வாங்கிக்கொள், சம்பள உயர்வு உட்பட.

அப்பாச்சி ஒரே நேரத்தில் கவனிக்கும் கோரிக்கைகளின் வரம்பை 256 என்று இயல்பான எண்ணிலேயே விட்டிருக்கிறாய். உன்னிடம் 16 ஜிபி நினைவகம். மைஎஸ்கியூஎல்லுக்கு 6, மற்றவற்றுக்கு 2 போக மிச்சம் 8. ஒரு பிஎச்பி 60 எம்பி பிடிக்கிறது என்று வைத்தால் 130 பேர் உட்காரலாம். 256 பேரை உள்ளே விட்டால் ஸ்வாப் தொடங்கும், பிறகு என் ஞாயிற்றுக்கிழமையை நீயும் பார்ப்பாய். வாசலில் நிற்க வைப்பது மரியாதைக் குறைவுதான்; உள்ளே விட்டுப் பட்டினி போடுவதைவிட மேல். 60 என்பது என் ஊகம். உன்னுடையதை நீயே அளந்துகொள்.

இன்னொன்று. டாப் வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? வாடகைச் சர்வரானால் அதையும் பார். உனக்குச் சேர வேண்டிய சிபியுவைப் பக்கத்து வாடகைக்காரர் எடுத்துக்கொள்ளும் அளவு அது. ஒரு நிறுவனத்தோடு இதற்காக மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். எஸ்டி 30 சதவீதம் என்று படம் பிடித்து அனுப்பினால், ‘உங்கள் தளத்தைச் சீராக்குங்கள்’ என்று அறிவுரை அனுப்பினார்கள். கடைசியில் நான்தான் வீட்டைக் காலி செய்தேன்.

சிஸ்ஸ்டாட் தொகுப்பை இன்றே நிறுவிவிடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது எழுதிவைக்கும் சர்வர் நிலவரத்தைப் பிறகு சார் கட்டளையால் படிக்கலாம். சிக்கல் வந்த பிறகு நிறுவினால் நேற்றைய கணக்கு கிடைக்காது. கல்யாணத்துக்காகப் பெட்டகத்தைத் திறந்தபோது எங்கள் அய்யாவின் மௌல்மீன் கடைப் பேரேடுகள் இரண்டு கிடைத்தன. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். நகையை விட்டுவிட்டு இவற்றைத் தூக்கி வந்திருக்கிறார் என்று ஆத்தாவுக்கு இன்றைக்கும் ஆற்றாமை. புரட்டினேன். வரவே இல்லாத நாளுக்கும் தேதி போட்டு, ‘வரவு இல்லை’ என்று ஒரு வரி. மழையோ கலவரமோ, அந்த வரி மட்டும் விடுபடவில்லை. எந்த நாளில் எவன் கடன் நின்றுபோனது என்று எண்பது ஆண்டு கழித்தும் விரலை வைத்துக் காட்டலாம். நான் வியாழக்கிழமை மாற்றிய கிரானை எங்கும் குறித்து வைக்கவில்லை. இப்போது ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆத்தாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. கல்யாணக் களைப்பில் இரண்டு நாள் படுத்திருந்தாள், இன்று காலை எழுந்து பாத்திரங்களை எண்ணத் தொடங்கிவிட்டாள். இரண்டு எவர்சில்வர் வாளி குறைகிறதாம். வீட்டை மறுபடி பூட்டிவிட்டோம். ஆத்தங்குடிக் கல் இன்னும் வரவில்லை. அந்தப் பட்டறைப் பெரியவர் அவசரப்படவே இல்லை.

ஒரு வாரத்துத் தாமத வினவல் பதிவை அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம். சீப்புச் சீடையும் மனகோலமும் ஒரு டின்னில் போட்டுக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். டின்னைத் திருப்பி அனுப்பிவிடு. ஆத்தா அதை எழுதி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உமையாள்